வெட்டுப்படாத பால்மரம்

ரப்பர் தரும் பால்மரத்தின் பழைய தாவர ஓவியம் ஒன்றை அச்சிட்ட பட அட்டையைச் சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூவிலைக் கொத்து, சிறிய மஞ்சள் பூக்கள், மூன்று அறை கொண்ட காய், அதன் பக்கத்தில் புள்ளி விழுந்த பழுப்புக் கொட்டை. எல்லாம் அளந்து வரைந்தவை. அம்மாவிடம் நீட்டினேன். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் எடுக்க மரம் வெட்டியவர் அவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினார். கொட்டையைப் பார்த்ததும் மரம் எதுவென்று தெரிந்துவிட்டது. பிறகு கேட்டார்: "என்னாப்பா, வெட்டே காணோம்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. தாவர ஓவியருக்கு மரம் என்பது இலை, பூ, காய், விதை. ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய அவை போதும். அம்மாவுக்கு மரம் என்பது பட்டை. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தன் நிரையில் முதல் மரத்தின் முன் நிற்கும்போதே பட்டையின் தடிப்பு அவர் விரலுக்குத் தெரியும். உளி கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. இரண்டும் ஒரே மரத்தைப் பற்றிய அறிவுதான். ஒன்று சுவரில் மாட்டப்படுகிறது. மற்றது அம்மாவின் கையோடு இருக்கிறது. தாவரவியல் பூங்காக்களில் கலைக் கண்காட்சி நடத்தும் வழக்கத்தை எடைபோட உட்காரும்போது, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

சிலிம் ரிவரில் தாவரவியல் பூங்கா எதுவும் இல்லை. இருந்தும் இந்த ஊரில் உட்கார்ந்து இதைப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன். எங்கள் ஊர் வரலாறு ஒரு தாவரவியல் பூங்காவிலிருந்துதான் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக்குக்குக் கொண்டுவந்து கோலாகங்சாரில் நட்டார்கள். அப்போது ஹியூ லோ பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தார். அந்த ஒன்பதில் ஒன்று எனச் சொல்லப்படும் மரம் இன்றும் கோலாகங்சார் மாவட்ட நில அலுவலகத்தருகே பெயர்ப்பலகையோடு நிற்கிறது. 1888இல் சிங்கப்பூர் பூங்காவின் இயக்குநரான ஹென்றி ரிட்லி, சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களைத் தேடித்தேடிக் கொடுத்தார் என்பார்கள். 'பித்துப் பிடித்த ரிட்லி' என்று அவருக்குப் பட்டப்பெயரே இருந்தது. காப்பி விலை சரிந்தபோது அந்த விதைகளுக்குக் காலம் வந்தது. மரம் வந்தது, மரத்தை வெட்ட ஆள் தேவைப்பட்டது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். 1907இல் ஆள் வரவழைப்புக்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். என் தாத்தா கப்பலேறியதன் பின்னால் அந்த 22 கன்றுகள் இருக்கின்றன.

இதில் முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரிட்லி விதையை மட்டும் பரப்பவில்லை. மரத்தைச் சாகடிக்காமல், அதே வெட்டை மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கலாம் என்பதையும், அந்த வெட்டு மீன்முள் வடிவில் அமையலாம் என்பதையும் அவர் பூங்காவில் சோதித்துக் கண்டார். ஆக அம்மா தேடிய வெட்டு தோட்டத்துக்காரர்கள் பின்னால் சேர்த்துக்கொண்ட சங்கதி ஆகாது. அது பிறந்த இடமே பூங்கா. உழைப்பு வரலாறெல்லாம் வேறு துறை, தாவரவியல் பூங்காவின் சுவரில் அதற்கென்ன இடம் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

குறைகளுக்குப் போவதற்கு முன் இந்த வழக்கத்தின் நன்மைகளை முழு மனத்தோடு சொல்ல விரும்புகிறேன்.

கலைக்கூடம் என்றால் எங்கள் மக்கள் வாசலிலேயே தயங்குவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டாலும் தயக்கம் இருக்கும். காலணியைக் கழற்ற வேண்டுமோ, சத்தமாகப் பேசலாமோ, பிள்ளை அழுதால் என்ன செய்வது. பூங்காவுக்கு அந்தக் கவலை இல்லை. பினாங்குத் தாவரவியல் பூங்காவையே பாருங்கள். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய தோட்டம் அது. பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன். தைப்பூசத்துக்குப் போகிற குடும்பம் கட்டுச்சோற்றோடு அப்படியே பூங்காவுக்குள்ளும் போய்வரும். அப்படிப் போகிற வழியில் ஒரு படம் எதிர்ப்பட்டால் நின்று பார்ப்பார்கள். படத்தைப் பார்க்கவென்று கிளம்பிப் போகாதவர்களிடம் படம் வந்து சேர்வது இங்கேதான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் சிட்னி ஹார்ப்ளி வடித்த வெண்கலச் சிலைகள் சில உண்டு. ஊஞ்சலாடும் பெண் அவற்றில் ஒன்று. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் 1980களில் கொடையாகத் தந்தவை. அந்த ஊஞ்சலின் முன் நிற்கும் குழந்தைகள் சிற்பம் என்ற சொல்லைக் கற்பதற்கு முன்பே சிற்பத்தோடு பழகிவிடுகிறார்கள்.

இரண்டாவது நன்மை கண்ணுக்கானது. தாவர ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றவர் வெளியே வந்து மரத்தைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். புகைப்படம் ஒரு கணத்தின் ஓர் இலையைப் பிடிக்கும். அந்த இலையில் பூச்சி கடித்திருந்தால் கடித்ததையும் சேர்த்துப் பிடிக்கும். ஓவியர் பல இலைகளைப் பார்த்து, எது அந்த இனத்துக்குப் பொதுவானது, எது அந்த ஒரு கிளைக்கு மட்டும் நேர்ந்தது என்று முடிவு செய்து வரைகிறார். பல செடிகளில் மொட்டும் பூவும் காயும் ஒரே காலத்தில் ஒரு கிளையில் இருக்காது. படத்தில் மூன்றையும் அருகருகே வைக்கலாம். அதனால்தான் கேமரா வந்து இவ்வளவு காலமான பிறகும் புதிய இனத்தை விவரிக்கும் தாவரவியலாளர் ஓவியரைத் தேடுகிறார். இந்த ஓவியங்களைப் பெட்டகத்தில் பூட்டி வைக்காமல் வெளியே மாட்டுவது, மரத்துக்கு இருபதடி தூரத்தில் மாட்டுவது, பெரிய கல்வி. கியூ பூங்காவில் 2008இல் தாவர ஓவியத்துக்கென்றே ஷெர்லி ஷெர்வுட் கலைக்கூடம் திறந்தது. சிங்கப்பூர்ப் பூங்கா 2021இல் கேலப் விரிவாக்கப் பகுதியில் இன்வர்டரட் என்ற பழைய பங்களாவைத் தாவர ஓவியக் கூடமாக்கியது. இந்த வட்டாரத்தில் இப்படி ஒன்று நிலையாக அமைந்ததை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

மூன்றாவதை நன்மை என்று சொல்வதைவிடக் கடன் தீர்த்தல் என்று சொல்ல வேண்டும். பூங்கா ஓவியங்களை வரைந்த கைகள் பெரும்பாலும் நம் பக்கத்துக் கைகள். இலங்கையின் பேராதனைப் பூங்காவில் ஹர்மானிஸ் டி அல்விஸ் பல பத்தாண்டுகள் வரைவாளராக இருந்தார். அதே டி அல்விஸ் குடும்பத்தாரைத்தான் ரிட்லி பின்னர் சிங்கப்பூருக்கு வரைய அமர்த்திக்கொண்டார். சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தாவரங்களைத் திரட்டினார். அவருக்கு வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. தஞ்சை ஓவிய மரபில் பயின்ற, தெலுங்கு பேசும் குடும்பத்தவர்களாக இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. வைட் சென்னையில் கல்லச்சில் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,101 படத்தகடுகள் உள்ளன. அவற்றில் மிகப்பல இந்த இருவரின் கைவேலை. வைட் நேர்மையானவர். படத்தின் அடியில் அவர்கள் பெயர் வர விட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்னாளைய வகைப்பாட்டில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டு, பெயர் வழக்கிழந்தது. ஆளும் மறக்கப்பட்டார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2007இல், எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்டி மூன்று தொகுதிகளாக எழுதிய நூலின் தலைப்பிலேயே ரங்கையாவும் கோவிந்துவும் வந்தார்கள். ஒரு பூங்கா தன் கிட்டங்கியைத் திறந்தால்தான் இது நடக்கும். வேறு எந்தக் கலைக்கூடமும் இவர்களைத் தேடியிருக்காது.

இவ்வளவு நன்மைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் குறைகளைச் சொல்கிறேன்.

தாவர ஓவிய மரபு இலையை வெள்ளைத்தாளில் தனியாக வைக்கிறது. மண் இல்லை, பக்கத்து மரம் இல்லை, மனிதர் இல்லை. அறிவியலுக்கு அது தேவை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதே ஓவியம் பொதுமக்கள் முன் கண்காட்சியாக வரும்போது, அந்த வெள்ளைத்தாள் ஒரு கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இந்தச் செடி எங்கிருந்தும் பிடுங்கப்படவில்லை, எவர் முதுகிலும் வளரவில்லை என்ற கதை.

மரியன் நார்த்தை எடுத்துக்கொள்வோம். தனியாளாக உலகைச் சுற்றி வரைந்த துணிச்சலான பெண். சிங்கப்பூர், சரவாக், ஜாவா, இலங்கை என்று நம் திசையெல்லாம் வந்திருக்கிறார். கியூவில் அவர் தன் செலவிலேயே கட்டிக்கொடுத்த கூடம் 1882இல் திறந்தது. 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இடைவெளியின்றிச் சுவரை மூடியிருக்கின்றன. வெள்ளைத்தாளில் தனிச்செடி என்ற முறையை அவர் உடைத்தார். செடியை அது வாழும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அது பெரிய பாய்ச்சல். கூடத்துக்கு வருபவர்களுக்குத் தேநீரும் காப்பியும் தர வேண்டும் என்று அவர் விரும்பினாராம். இயக்குநர் ஜோசப் ஹூக்கர் மறுத்துவிட்டார். அதனால் கதவுகளின் மேல் தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் வரைந்துவைத்தார். இந்தக் கதையை வாசிக்கிறவர்கள் மகிழ்வார்கள். எனக்கும் அவர் மேல் அன்பு கூடுகிறது. ஆனால் அந்த இரண்டு செடிகளுக்காகத்தான் எங்கள் சொந்தங்கள் மன்னார் வழியாக நடந்து கண்டி மலைக்குப் போனார்கள். பாதையிலேயே எத்தனையோ பேர் மாண்டார்கள். கதவுக்கு மேலே கிளை அழகாக இருக்கிறது. கிளையிலிருந்து கொழுந்து கிள்ளும் விரல் அங்கே இல்லை. நார்த் காலத்து ஓவியரிடம் அதைக் கேட்பது நியாயமாகாது. இன்று அந்தக் கூடங்களுக்கு விளக்கப்பலகை எழுதுகிறவர்களிடம் கேட்கலாம்.

இப்போது வழக்கத்தின் இன்னொரு முகம், கூட்டம் சேர்க்கும் பெரிய காட்சிகள். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி 2001இல் சிக்காகோவின் கார்ஃபீல்ட் பார்க் கண்ணாடி இல்லத்தில் நடத்திய கண்காட்சிக்குப் பிறகு, உலகின் பூங்காக்களெல்லாம் அவரை அழைக்கத் தொடங்கின. கியூவுக்கு 2005இலும் 2019இலும் வந்தார். 2021இல் சிங்கப்பூரின் கார்டன்ஸ் பை த பே. பெருந்தொற்று அடங்காத அந்த ஆண்டில் எல்லை மூடிக் கிடந்ததால் நான் படங்களில்தான் பார்த்தேன். அனல் நிறத்தில் சுருண்டு எழும் கண்ணாடித் தண்டுகள், நீரில் மிதக்கும் வண்ண உருண்டைகள். கைத்திறனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கண் செடிகளைத் தேடியது. அவை அங்கேதான் இருந்தன, கண்ணாடிக்குப் பின்னணியாக. ஒரு தாவரம் எத்தனை கோடி ஆண்டு எடுத்து அடைந்த வடிவம் அது. அதன் முன்னால் அதைப் போலவே வளைந்த, அதைவிடப் பளபளப்பான ஒன்றை வைத்தால், கண் பளபளப்பின் பின்னால் போய்விடுகிறது. பார்த்துவிட்டு வெளியேறும் எத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்ற செடியின் பெயர் தெரிந்திருக்கும்?

உதகமண்டலத்திலும் இதே சிக்கல் நம்மூர் உருவில் இருக்கிறது. 1848இல் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் பொறுப்பேற்று அமைத்த அரசு தாவரவியல் பூங்கா அது. மே மாத மலர்க்காட்சி நூற்றாண்டு கடந்தது. ஆயிரக்கணக்கான கார்னேஷன் பூக்களைக் கம்பிச் சட்டத்தில் செருகிக் கோட்டையும் மாளிகையும் எழுப்புகிறார்கள். குடும்பங்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. அந்த மகிழ்ச்சியை நான் மதிக்கிறேன். ஆண்டு முழுதும் வேலை செய்தவன் பிள்ளைகளோடு ஒருநாள் அழகைப் பார்க்க வந்திருக்கிறான். ஆனால் அதே பூங்காவின் மேல்பகுதியில் தோடர்களின் மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்று இருக்கிறது. தோடப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணித் தைக்கும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மலையை அதன் புல்லோடும் பூவோடும் எருமையோடும் அறிந்தவர்களின் கலை அது. கம்பிச் சட்டத்துக் கோட்டை ஐந்தாறு நாளில் வாடிவிடும். பூங்காவின் நடுவே மாட்ட வேண்டிய கலை, பூங்காவின் ஓரத்திலேயே இருக்கிறது. நடுப்புல்வெளியை ஓராண்டு தோடப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

பெருங்காட்சிகளை ஒரேயடியாக ஒதுக்கவும் எனக்கு மனம் இல்லை. 2021இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் யாயோய் குசாமா நடத்திய கண்காட்சியும் கூட்டம் சேர்த்ததுதான். ஆனால் குசாமா ஜப்பானின் மட்சுமோட்டோவில் விதைப் பண்ணை நடத்திய வீட்டில் பிறந்தவர். பூக்களுக்கு நடுவே வளர்ந்த குழந்தை அவற்றைக் கண்டு மயங்கியும் மிரண்டும் போனதிலிருந்து கிளைத்தவை அவருடைய புள்ளிகள். சிவப்புத் துணியில் வெள்ளைப் புள்ளியிட்டு மரத்தண்டுகளைச் சுற்றியபோது, பார்ப்பவர் முதல்முறையாகத் தண்டைப் பார்த்தார். பூவை விட்டுவிட்டுத் தண்டைப் பார்க்கவைத்த கலைஞரை, பட்டையைப் படித்த அம்மாவின் மகன் எப்படிப் பாராட்டாமல் இருப்பேன்?

பணமும் இதில் பேச வேண்டிய விஷயம். பெரிய பெயர்கள் வந்தால் சீட்டு விற்கும், சீட்டுப் பணம் செடிகளைக் காக்கும் என்பது பூங்கா நிர்வாகிகளின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் கணக்கு தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு எடின்பரோவே சாட்சி. அங்கே பூங்காவின் நடுவிலுள்ள இன்வர்லீத் ஹவுஸ், 1960இலிருந்து 1984 வரை ஸ்காட்லாந்தின் நவீனக் கலைக்கான தேசியக் கூடமாக இருந்த வீடு. பிறகு பூங்காவே முப்பது ஆண்டு அங்கே துணிச்சலான கண்காட்சிகளை நடத்தியது. 2016 அக்டோபரில் இனி இது நிலையான கலைக்கூடமாக இயங்காது, கட்டுப்படியாகவில்லை என்று அறிவித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பின்னர் அது பருவநிலை மாற்றத்தை முன்னிறுத்தும் கிளைமேட் ஹவுஸாக மறுவாழ்வு பெற்றது. ரங்கையாவையும் கோவிந்துவையும் மீட்ட அதே நிறுவனத்தில் இது நடந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. பூங்காவில் கலை எப்போதும் விருந்தாளி. வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் வெளியேறச் சொல்வது விருந்தாளியைத்தான்.

நம் பக்கத்துக்கு வந்தால் வெயிலும் மழையும் இன்னொரு நிர்வாகம். கியூவில் செய்ததை இங்கே அப்படியே செய்ய முடியாது. ஈப்போவில் 2014இல் எர்னெஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருக்கும் முதியவரும், காகித விமானத்தில் ஏறிய பிள்ளைகளும் சில பருவமழைக்குள் வெளிறிப்போனார்கள். நீர்வண்ண ஓவியத்துக்கு ஈரம் ஆகாது, வெளிச்சம் ஆகாது. குளிரூட்டிய அறைக்குள் வைத்தால் மரத்துக்குப் பக்கத்தில் படம் என்ற பொருளே போய்விடும், மின்கட்டணமும் ஏறும்.

இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த மிகச்சிறந்த பதிலைத் தந்தவர் சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில். 1996இலிருந்து 1998 வரை அவர் செய்த 'ஃபாரஸ்ட்' என்ற படைப்பில், புத்தகத் தாள்களைக் கிழித்து இலை வடிவிலும் வேர் வடிவிலும் வெட்டி, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள செடிகளின் மேல் ஒட்டினார். அதைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். தாள்களை அங்கேயே விட்டுவிட்டார். மழை அவற்றைத் தின்றது. 2013 வெனிஸ் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றபோது, காட்சிக்கூடத்தின் கூரையின் ஒரு பகுதியையே கழற்றிவிட்டார். வெயிலும் மழையும் இலையும் பூச்சியும் உள்ளே வந்து படைப்புகளின்மேல் தங்கள் வேலையைச் செய்தன. மரங்களின் நடுவே கலையை வைப்பதென்றால் மரத்துக்கு நேர்வது கலைக்கும் நேரட்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். எழுத்தை இலையாக்கி மரத்திலேயே ஒட்டிய அந்தப் படங்களில், காலனி ஆட்சி இந்த மண்ணின் செடிகளைப் பெயரிட்டுப் புத்தகத்துக்குள் அடைத்த வரலாறு எதிர்த்திசையில் ஓடுகிறது. நம் பூங்காக்களில் நடக்க வேண்டிய கண்காட்சிக்கு முன்மாதிரி வெளிநாட்டில் இல்லை, போர்ட்டிக்சன் சாலையோரத்தில் இருக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். பூங்காவின் பெயர்ப்பலகைகளும் கண்காட்சியின் விளக்கங்களும் ஒரே அறிவைத்தான் அறிவு என்கின்றன. பினாங்குப் பூங்காவில் நாகலிங்க மரங்கள் பெயர்பெற்றவை. பிறப்பிடம் தென்னமெரிக்கா என்று பலகை சொல்லலாம், பீரங்கிக் குண்டு போன்ற காய் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் தமிழ்ப்பெண்ணுக்கு, படமெடுத்த நாகத்தின் கீழ் லிங்கம் தெரிகிறது. வெளிநாட்டு மரம் ஒன்றை ஒரு பண்பாடு தன் கண்ணால் மறுபடி வரைந்துகொண்ட கதை அது. ஓவியமென்றால் அதுவும் ஓவியம்தான். கண்காட்சி என்ற ஒன்றை மாட்டும்போது இத்தகைய பார்வைகளுக்கு ஒரு சுவராவது ஒதுக்கலாம். மலாய்க்காரர் அந்தக் காட்டை எப்படிப் பார்த்தார், செமாய்ப் பூர்வகுடிகள் எந்தச் செடியை எதற்குப் பறித்தார்கள், தோட்டத்துத் தமிழச்சி எதை மஞ்சளோடு அரைத்துப் பிள்ளைக்குப் பூசினாள். தாவரவியல் இவற்றால் சிறுத்துவிடாது.

பேராக்கில் இதற்கு இடம் இல்லையா? தைப்பிங் ஏரிப்பூங்கா 1880இல் கைவிடப்பட்ட ஈயலம்பத்தின், அதாவது ஈயச் சுரங்கத்தின், மேல் அமைந்தது. ஏரியை நோக்கி வளைந்து நீர் தொடும் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்க்கவே தொலைவிலிருந்து வருகிறார்கள். அந்த நீர் சுரங்கக் குழியின் நீர் என்பதை அங்கே ஒரு கலைஞர் காட்டினால், மரங்களின் அழகு ஒரு பங்கும் குறையாது. ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம் பெயரைத் தாங்கிய பூங்கா இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஓவியமும் கற்பிக்கிறார்கள், தமிழும் கற்பிக்கிறார்கள். சிலிம் ரிவரிலிருந்து அரை மணி நேரப் பயணம்.

எங்கள் ஊரின் பெயரை உலகம் அறிந்தது 1942 ஜனவரி 7ஆம் தேதிப் போரால். ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு பாய்ந்து பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சிதறடித்த அந்த விடியலைப் போர் நூல்கள் விரிவாக எழுதியிருக்கின்றன. அவற்றில் ரப்பர்த் தோட்டம் வருகிறது, வீரர்கள் பதுங்கிய இடமாக, டாங்கியை மறைத்த நிழலாக. அங்கேயும் பால்மரம் பின்னணிதான். அந்த நிரைகளில் முதல்நாள்வரை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கங்களில் இல்லை. இப்போது நிரைகளே இல்லை. எங்கும் செம்பனை. லயங்கள் இடிந்தன, பால் கொட்டாயின் சிமெண்டுத் தரை மட்டும் சில இடங்களில் புல்லுக்குள் கிடக்கிறது. மரம் வெட்டிய கடைசித் தலைமுறைக்கு எழுபது, எண்பது வயதாகிறது.

ஆகவே நான் கேட்பது ஒரு கண்காட்சி. கோலாகங்சார் மரத்தடியில் நடக்கட்டும், அல்லது தைப்பிங்கில், அல்லது எங்கள் ஊர் மண்டபத்தில் பால்மரக் கன்றுகளைத் தொட்டியில் வைத்து நடக்கட்டும். மாணவர்கள் பால்மரத்தை முதலில் தாவர ஓவிய முறைப்படியே வரையட்டும், இலை நரம்பு ஒன்றுகூடப் பிசகாமல். அந்த ஒழுக்கம் வேண்டும். அதன் பக்கத்தில் பட்டையை வரையட்டும். மரம் வெட்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தட்டும். உளி, பால் சேரும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி, ஒட்டுப்பால் போட்ட கூடை எல்லாம் அதே அளவுக்கோல் குறிப்போடு, அதே வெள்ளைத்தாளில், விதைக்குக் கொடுத்த மரியாதையோடு இடம்பெறட்டும். விளக்கப்பலகையில் தமிழும் இருக்கட்டும். வரைந்தவர் பெயரோடு, திருத்தியவர் பெயரும் இருக்கட்டும்.

அம்மாவின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து என் பேனாவை எடுத்து, அட்டையைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் இரண்டு நேர்க்கோடு போட்டார். அது தண்டு. அதன் குறுக்கே இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழாக ஒரு சரிவுக்கோடு. கோடு முடிகிற இடத்தில் பால் வழிய ஒரு சிறு தகரம், அதன் கீழே மங்கு. ஏன் அந்தப் பக்கமாகச் சரிகிறது என்று கேட்டேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து ஏறுகின்றன, குறுக்கே வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அம்மா சொன்னார்: "மாத்தி வெட்டுனா பால் கம்மியா வரும்ப்பா." பிறகு அந்தக் கோட்டின் மேல் இன்னொரு முறை அழுத்திப் போட்டார். அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கண்காட்சி வைக்கிறவர்கள் கேட்டால் தருகிறேன். அந்தப் பக்கத்தைத்தான் வெளியே தெரிய மாட்ட வேண்டும்.